ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றும் முன்: எடிட் ரூம் அனுபவம்

எடிட் ரூமுக்குப் புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றுவது எப்படி என்பதைத்தான். டைம்லைன், கலர், பாட்டு வைப்பதெல்லாம் அப்புறம். கல்யாண வீடியோ தொழிலில் புட்டேஜ் ஒரு இடத்தில் நிற்பதே இல்லை. முகூர்த்தம் முடிந்த மத்தியானமே கேமராக்காரர்கள், கேண்டிட் எடுப்பவர், டிரோன்காரர் என்று ஆளுக்கொரு கார்டோடு வந்துவிடுவார்கள். கார்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு, அங்கிருந்து ஹார்ட் டிஸ்க்குக்கு, அந்த ஹார்ட் டிஸ்க் பஸ் ஏறி ஆல்பம் டிசைன் செய்பவரிடம். நடுவில் ஒவ்வொரு முறை கேபிளை உருவும்போதும் யாரோ ஒரு வீட்டின் தாலி கட்டும் நேரம் நம் கையில் இருக்கிறது. அதை இன்னொரு தடவை எடுக்க முடியாது.

ஃபைலை நகலெடுக்கும் 'காபி' விண்டோ மூடுவதற்கும் டேட்டா டிஸ்க்கில் போய்ச் சேருவதற்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கலாம். இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம். எழுதச் சொன்னதை கம்ப்யூட்டர் முதலில் ரேமில் வாங்கி வைத்துக்கொள்ளும். சாஃப்ட்வேரிடம் "வாங்கிக்கொண்டேன், நீ உன் வேலையைப் பார்" என்று சொல்லிவிட்டு, பிறகு பின்னணியில் மெதுவாக டிஸ்க்கில் இறக்கும். ரைட் கேஷ் என்பது இதுதான். லினக்ஸில் இது கண்ணுக்கே தெரியும். அதன் வழக்கமான செட்டிங்கில், எழுதாமல் கிடக்கும் டேட்டா இருக்கிறதா என்று 5 விநாடிக்கு ஒருமுறை பார்க்கும். 30 விநாடிக்கு மேல் கிடப்பவற்றை எடுத்து எழுதத் தொடங்கும். பயன்படுத்தக் கிடைக்கும் மெமரியில் 20 சதவீதம் வரைகூட இப்படித் தேங்கலாம். பெரிய ரேம் போட்ட மெஷினில் அது பல ஜிபி. 2 ஜிபி தேங்கியிருக்கிறது, பென் டிரைவ் விநாடிக்கு 10 எம்பிதான் எழுதும் என்றால், காபி விண்டோ மூடிய பிறகும் மூன்று நிமிடத்துக்கு மேல் எழுத்து வேலை ஓடிக்கொண்டிருக்கும். திரையில் அதற்கான அடையாளம் ஏதும் இருக்காது. டிஸ்க்கைக் கழற்றப்போகிறேன் என்று கம்ப்யூட்டரிடம் சொல்லும் எஜெக்ட் கட்டளையைக் கொடுத்தால்தான் "இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன், கழற்றாதே" என்று சொல்லும்.

விண்டோஸில் நிலைமை 2018-இல் மாறியது. விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து, வெளியில் இருந்து செருகும் டிஸ்க்குகளுக்கு இயல்பாகவே 'குயிக் ரிமூவல்' வருகிறது. அதாவது விண்டோஸ் அந்த டிஸ்க்குக்கு ரைட் கேஷ் வைப்பதில்லை. அதற்கு முன் இயல்பாக இருந்தது 'பெட்டர் பெர்ஃபாமன்ஸ்'. அதில் கேஷ் உண்டு, எஜெக்ட் கட்டாயம். "இப்பல்லாம் எஜெக்ட் பண்ணவே வேண்டாம்ணே, அப்படியே உருவலாம்" என்று பசங்க சொல்வது இந்த மாற்றத்தை வைத்துத்தான்.

நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. முதல் காரணம், அந்த செட்டிங்கை டிஸ்க் வாரியாக மாற்ற முடியும். எடிட் செய்பவர்கள் வேகத்துக்காக 'பெட்டர் பெர்ஃபாமன்ஸ்' போட்டு வைத்திருப்பது சகஜம். அடுத்தவர் மெஷினில் உட்காரும்போது அங்கே எது இருக்கிறது என்று பார்க்காமல் நமக்குத் தெரியாது. இரண்டாவது, கேஷ் இல்லாவிட்டாலும் ஒரு சாஃப்ட்வேர் ஃபைலைத் திறந்து பாதி எழுதிக்கொண்டிருக்கலாம். 'குயிக் ரிமூவல்' அதை ஒன்றும் செய்யாது. மூன்றாவது, பென் டிரைவுக்குள்ளும் எஸ்எஸ்டிக்குள்ளும் தனியாக ஒரு கன்ட்ரோலர் சிப் இருக்கிறது. எந்த டேட்டா எந்த மெமரி செல்லில் இருக்கிறது என்ற கணக்கை அதுதான் வைத்திருக்கிறது. நாம் எதுவும் காபி செய்யாதபோதும் அது உள்ளுக்குள் டேட்டாவை இடம் மாற்றிக்கொண்டிருக்கலாம். அந்த நேரத்தில் கரன்ட் போனால், அன்று எழுதியது மட்டுமல்ல, எப்போதோ எழுதி வைத்ததும் சேர்ந்து போகலாம்.

டிஸ்க்கில் ஃபைல் ஏறுவதை நான் கிடங்குக் கணக்கு மாதிரிதான் விளக்குவேன். மூட்டையை இறக்குவது ஒரு வேலை, பேரேட்டில் பதிவது இன்னொரு வேலை. மூட்டை இறங்கிவிட்டது, பேரேட்டில் பதியும் முன் விளக்கு அணைந்துவிட்டது என்றால், சரக்கு உள்ளே இருந்தும் கணக்கில் இருக்காது. பேரேட்டில் எழுதும் பாதியிலேயே அணைந்தால் பழைய கணக்கும் குழம்பும்.

இந்தப் பேரேடு எவ்வளவு தாங்கும் என்பது டிஸ்க்கை எந்த ஃபார்மட்டில் வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. விண்டோஸின் ஃபார்மட்டான என்டிஎஃப்எஸ், செய்யப்போகும் மாற்றங்களை ஜர்னல் என்ற குறிப்பேட்டில் முதலில் எழுதி வைத்துக்கொண்டு செய்யும். திடீரென்று கேபிள் உருவப்பட்டாலும் ஃபோல்டர் அமைப்பை அடுத்த முறை சரி செய்துகொள்ளும். ஃபைலுக்குள் இருக்கும் டேட்டாவுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. எங்கள் தொழிலில் புழங்கும் டிஸ்க்குகளோ பெரும்பாலும் எக்ஸ்ஃபேட். மேக் வைத்திருப்பவரும் விண்டோஸ் வைத்திருப்பவரும் இரண்டு பக்கமும் எழுத வேண்டும். ஃபேட்32 ஒரு ஃபைலில் 4 ஜிபியைத் தாண்டவிடாது. ஆகவே எக்ஸ்ஃபேட் தவிர வழியில்லை. எக்ஸ்ஃபேட்டில் ஜர்னல் கிடையாது. கல்யாணத்துக்குக் கல்யாணம் கைமாறும் டிஸ்க்குகள்தான் இருப்பதிலேயே பலவீனமான ஃபார்மட்டில் இருக்கின்றன என்பது எனக்கு எப்போதும் உறுத்தும் விஷயம்.

போன ஆவணியில் முகூர்த்தங்கள் நெருக்கியடித்துக்கொண்டு வந்த வாரம். மன்னார்குடியிலிருந்து ஆல்பம் டிசைனரின் உதவியாளர் தம்பி ஒருவர் டிஸ்க் வாங்க வந்திருந்தார். ரா புகைப்படங்கள் (கேமரா எடுத்தபடியே இருக்கும் அசல் ஃபைல்கள்) ஏறி முடிந்தன. காபி விண்டோ மூடியது. எஜெக்ட் கொடுத்தேன். 'இந்தச் சாதனம் பயன்பாட்டில் உள்ளது, இதைப் பயன்படுத்தும் புரோகிராம்களை மூடிவிட்டு மறுபடி முயலுங்கள்' என்ற செய்தி வந்தது.

"அண்ணே, அதான் காபி முடிஞ்சிடுச்சே. அப்படியே உருவிக்கவா? அஞ்சரை வண்டி போயிடும்."

"இரு தம்பி. யாரோ இன்னும் புடிச்சுக்கிட்டு இருக்காங்க. யாருன்னு பார்த்துட்டு எடுத்துக்க."

எக்ஸ்ப்ளோரர் விண்டோக்களை எல்லாம் மூடினேன். எடிட்டிங் சாஃப்ட்வேரை மூடினேன். மறுபடி அதே செய்தி. இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் கையை நீட்டி கேபிளை உருவுவார்கள். விண்டோஸோ அந்தப் பெயரை ஏற்கெனவே ஓரிடத்தில் எழுதி வைத்திருக்கும். ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸில் 'சிஸ்டம்' என்பதைச் சொடுக்கினால், மேலேயே 'கர்னல்-பிஎன்பி' என்ற பெயரில், 225 என்ற எண்ணோடு ஒரு வரி இருக்கும். எந்த அப்ளிகேஷன், என்ன பிராசஸ் எண், எந்தச் சாதனத்தைக் கழற்ற விடாமல் தடுத்தது என்று அதில் முழுதாக இருக்கும். அன்று அதில் இருந்தது வீடியோ என்கோடரின் பெயர். காலையில் அதே மெஷினில் உட்கார்ந்த எடிட்டர், இன்னொரு கல்யாணத்தின் டீசரை க்யூவில் போட்டுவிட்டு மண்டபத்துக்குக் கிளம்பியிருந்தார். ரெண்டர் ஆகி விழும் ஃபோல்டர் இதே டிஸ்க்கில். விண்டோ மினிமைஸ் ஆகி டாஸ்க்பாரில் ஓர் ஓரமாகக் கிடந்தது. பச்சைக் கோடு முக்கால்வாசி தாண்டியிருந்தது.

தம்பி திரையைப் பார்த்தார், பிறகு கைப்பையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். ரெண்டர் முடிந்தது, எஜெக்ட் கொடுத்தோம், அடுத்த வண்டியில் போனார். அன்று உருவியிருந்தால் டீசர் போயிருக்கும், அதைத் திரும்ப ரெண்டர் செய்துகொள்ளலாம். ஆனால் எக்ஸ்ஃபேட் டிஸ்க்கில் எழுத்து ஓடும்போது உருவினால், டீசரோடு நின்றுவிடும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. சற்றுமுன் ஏறிய ராக்கள் அதே பேரேட்டில்தான் இருக்கின்றன.

டிஸ்க்கை விடாமல் பிடித்துக்கொள்பவர்கள் யார் யார் என்று தெரிந்துவிட்டால் தேடல் சீக்கிரம் முடியும். என் அனுபவத்தில் முதல் சந்தேகம் எடிட்டிங் சாஃப்ட்வேரின் மீடியா கேஷ் ஃபோல்டர், அதற்கு அடுத்தது புகைப்பட சாஃப்ட்வேரின் ஸ்கிராட்ச் டிஸ்க். இரண்டும் சாஃப்ட்வேர் தன் தற்காலிக ஃபைல்களைப் போட்டு வைக்கும் இடங்கள். இடம் பற்றாக்குறையில் யாரோ எப்போதோ இவற்றை வெளி டிஸ்க்குக்கு மாற்றியிருப்பார்கள். புராஜெக்ட் வேறொன்றாக இருந்தாலும் சாஃப்ட்வேர் திறந்திருக்கும் வரை டிஸ்க் விடுபடாது. பிறகு ஆன்ட்டிவைரஸ் ஸ்கேன், எக்ஸ்ப்ளோரரின் பிரிவியூ பேன், பின்னணியில் ஓடும் பேக்கப் அல்லது கிளவுட் சிங்க். கமாண்ட் விண்டோ ஒன்று அந்த டிரைவில் நின்றுகொண்டிருந்தாலே போதும். பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டிய கன்டெய்னர் டிஸ்க்கில் இருந்தால், முதலில் கன்டெய்னரை மூட வேண்டும், அப்புறம்தான் டிஸ்க். ஈவென்ட் வியூவர் பழக்கமில்லாதவர்கள் ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து, சிபியு பக்கத்தில் இருக்கும் ஹேண்டில்ஸ் தேடல் பெட்டியில் டிரைவ் எழுத்தையோ ஃபோல்டர் பெயரையோ அடித்துப் பார்க்கலாம்.

சில சமயம் அந்த 225 எண்ணிட்ட வரியில் 'சிஸ்டம்' என்றே பெயர் வரும், பிராசஸ் எண் 4. பிடித்திருப்பது விண்டோஸின் உட்பகுதியே. அப்போது எந்த புரோகிராமை மூடியும் பயனிருக்காது. டாஸ்க் மேனேஜரில் போய்க் கண்டதை நிறுத்தவும் கூடாது. எல்லாவற்றையும் சேவ் செய்து மூடிவிட்டு ஷட் டவுன் செய்வதுதான் நேர்வழி. ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் இன்னொரு வழியும் உண்டு: டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அந்த டிஸ்க்கின் மேல் ரைட் கிளிக் செய்து 'ஆஃப்லைன்' கொடுக்கலாம். எழுதும் வேலை எதுவும் ஓடவில்லை என்று உறுதியான பிறகுதான் இதைச் செய்வேன். அதே மெஷினில் அடுத்த முறை செருகும்போது டிஸ்க் தெரியாது, மறுபடி 'ஆன்லைன்' கொடுக்க வேண்டும். இதை அடுத்த ஷிஃப்ட்காரரிடம் சொல்லாமல் போனால், டிஸ்க் செத்துவிட்டது என்று அவர் பதறிப்போவார்.

ஷட் டவுன் என்று சொன்னேன். அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இப்போதைய விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆன் ஆகி இருந்தால், ஷட் டவுன் கொடுக்கும்போது அது முழுதாக அணைவதில்லை. தன் உட்பகுதியின் நிலையை அப்படியே சேமித்து வைத்துக்கொண்டு தூங்குகிறது. அப்படித் தூங்கும் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் டிரைவை லினக்ஸில் திறந்தால், எழுதவிடாமல் படிக்க மட்டுமே அனுமதிப்பது இதனால்தான். ஆகவே டிஸ்க்கைக் கழற்றுவதற்காக அணைக்கிறீர்கள் என்றால், ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ஷட் டவுனைச் சொடுக்குங்கள், முழுதாக அணையும். ஸ்லீப்பில் போட்டுவிட்டுக் கழற்றுவது கூடவே கூடாது. சில லேப்டாப்களில் அணைந்த பிறகும் யுஎஸ்பி போர்ட்டில் கரன்ட் இருக்கும், டிஸ்க்கின் விளக்கு எரியும். அதற்காக பயப்பட வேண்டியதில்லை.

மேக்கில் டிஸ்க் விடுபடாததற்குப் பெரும்பாலும் அதன் தேடல் வசதியான ஸ்பாட்லைட்தான் காரணம். புதிதாக நிறைய ஃபைல் ஏறிய டிஸ்க்கை அது தன் தேடலுக்காக வரிசைப்படுத்திக்கொண்டிருக்கும். கொஞ்சம் பொறுத்து எஜெக்ட் கொடுத்தால் விட்டுவிடும். 'ஃபோர்ஸ் எஜெக்ட்' பொத்தானை அவசரத்துக்குத் தொடாதீர்கள். லினக்ஸிலும் இதே போல 'சோம்பேறி அன்மவுண்ட்' (லேசி அன்மவுண்ட்) என்று ஒரு வழி இருக்கிறது. டிஸ்க்கின் பெயர் பட்டியலிலிருந்து உடனே மறைந்துவிடும்; பிடித்திருக்கும் புரோகிராம் மட்டும் பின்னால் எழுதிக்கொண்டே இருக்கும். பெயர் மறைந்ததை நம்பி உருவினால் ஆபத்து இன்னும் அதிகம்.

சுற்றும் டிஸ்க்குகளுக்கு டேட்டா தவிர உடம்பும் இருக்கிறது. உள்ளே தட்டு சுற்றும்போது அதன் மேல் மிக நெருக்கத்தில் படிக்கும் தலை மிதக்கிறது. எஜெக்ட் கொடுத்தால் தலை நிதானமாகத் தன் இடத்துக்குப் போய் நிற்கும், தட்டு மெதுவாக அடங்கும். சுற்றும்போதே கேபிளை உருவினால், சுழலும் தட்டின் வேகத்திலிருந்து கிடைக்கும் மின்சாரத்தை வைத்துத் தலை அவசரமாகப் பின்வாங்கும். கையில் பிடித்திருந்தால் 'டக்' என்று ஒரு அதிர்வு தெரியும். டிஸ்க் அதைத் தாங்கும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது, ஆனால் தேய்மானம் கணக்கில் ஏறுகிறது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற சாஃப்ட்வேரில், டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் பட்டியலைத் திறந்தால், 'பவர்-ஆஃப் ரிட்ராக்ட் கவுன்ட்' என்று ஒரு வரி பல டிஸ்க்குகளில் இருக்கும். இந்த அவசரப் பின்வாங்கல்களை அது எண்ணி வைத்திருக்கிறது. கைமாறி வரும் டிஸ்க்கை வாங்கும்போது நான் அதைத்தான் முதலில் பார்ப்பேன். எஜெக்ட் கொடுத்த பிறகும் உள்ளங்கையில் வைத்து, சுழற்சி அடங்கியதை உணர்ந்த பின்புதான் பைக்குள் வைக்க வேண்டும்.

பல "தானா கழண்டுக்குச்சுண்ணே" கதைகளுக்குக் காரணம் கேபிள். பாக்கெட் ஹார்ட் டிஸ்க்குகளில் இருக்கும் அந்த அகலமான மைக்ரோ-பி பின், நாளாக ஆக ஆடத் தொடங்கும். லேப்டாப்பிலிருந்து டிஸ்க் தொங்கினால், மேசை அசைந்தாலே தொடர்பு அறுந்து மறுபடி ஒட்டும். கம்ப்யூட்டருக்கு அது கேபிளை உருவியதற்குச் சமம். டிஸ்க் மேசையில் படுத்திருக்க வேண்டும், கேபிள் இழுபடாமல் தளர்வாக இருக்க வேண்டும், பின் ஆடினால் அன்றே கேபிளை மாற்ற வேண்டும். டெஸ்க்டாப்பில் முன்பக்க போர்ட்டை விட்டு, போர்டிலேயே இருக்கும் பின்பக்க போர்ட்டில் செருகுங்கள். தனியாக கரன்ட் இணைப்பு இல்லாத சாதாரண ஹப்பில் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளைச் செருகாதீர்கள். யுஎஸ்பி 3.0 போர்ட் தருவதாகச் சொல்வது 900 மில்லி ஆம்பியர். அதை இரண்டு டிஸ்க்குகள் பங்குபோட்டால் ஏதாவது ஒன்று மூச்சுத் திணறி விழும்.

கேமராவுக்கும் இதே விதிதான். தொடர்ச்சியாகப் படம் எடுத்து முடித்த பிறகும் கேமரா தன் பஃபர் என்ற தற்காலிக மெமரியிலிருந்து கார்டில் எழுதிக்கொண்டிருக்கும். கார்டு கதவருகே சிவப்பு விளக்கு எரியும்வரை கதவைத் திறக்கக் கூடாது, பேட்டரியையும் எடுக்கக் கூடாது. ஆண்ட்ராய்டு போன் மட்டும் வேறு மாதிரி. ஃபைல் பரிமாற்றத்துக்கான எம்டிபி முறையில் கம்ப்யூட்டரோடு இணைக்கும்போது ஸ்டோரேஜை நிர்வகிப்பது போனேதான். காபி ஓடாதபோது கேபிளை எடுத்தால் போனுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஆண்ட்ராய்டு 6.0 முதல் மெமரி கார்டை இன்டர்னல் ஸ்டோரேஜாகச் சேர்த்துக்கொள்ளும் வசதி உண்டு. அப்படிச் சேர்த்த கார்டு அந்தப் போனுக்காக என்கிரிப்ட் ஆகியிருக்கும், உருவி வேறு எங்கும் போட்டுப் படிக்க முடியாது.

கார்டை ஃபார்மட் செய்யும் முன் நாங்கள் விடாமல் செய்யும் ஒன்று. டிஸ்க்குக்குக் காபி ஆனதும் எஜெக்ட் கொடுத்துக் கழற்றி, மறுபடி செருகி, அதிலிருந்து ஃபைல்களைத் திறந்து பார்ப்போம். நேரமிருந்தால், ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்ணான செக்சம்மை ஒப்பிடுவோம். கழற்றாமல் ஒப்பிட்டால், கம்ப்யூட்டர் ரேமில் இருக்கும் நகலையே படித்துக் காட்டி எல்லாம் சரி என்று சொல்லக்கூடும். கழற்றிச் செருகிய பின் படிப்பது மட்டும்தான் டிஸ்க்கில் உண்மையாக இருப்பதைக் காட்டும்.

ஏற்கெனவே உருவியாகிவிட்டது, டிஸ்க் திறக்கவில்லை, 'ஃபார்மட் செய்யவா' என்று கேட்கிறது என்றால்? அப்படி ஒரு டிஸ்க் பக்கத்து ஊர் ஸ்டுடியோவிலிருந்து எங்களிடம் வந்தது. ரிசப்ஷன் புட்டேஜ். கொண்டுவந்தவர் முகம் வெளுத்துப்போயிருந்தார். அவர் செய்த நல்ல காரியம், அதற்குப் பிறகு அந்த டிஸ்க்கில் எதையும் எழுதாமல் அப்படியே கொண்டுவந்தது. விண்டோஸ் சொல்கிறதே என்று ஃபார்மட் கொடுக்கக் கூடாது. விண்டோஸின் டிஸ்க் பழுதுபார்க்கும் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டுவதையும் முதல் வேலையாகச் செய்யாதீர்கள். அது பேரேட்டை நேராக்கும் முயற்சியில், பொருந்தாதவற்றை வெட்டி சிஎச்கே என்று முடியும் துண்டுகளாகப் போட்டுவிடும். டேட்டாவைக் காப்பாற்றுவது அதன் வேலையே அல்ல.

நாங்கள் செய்தது இது. லினக்ஸ் மெஷினில் செருகி, மவுண்ட் செய்யாமலேயே (அதாவது ஃபோல்டர்களாகத் திறக்காமலேயே), டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் கருவி மூலம் டிஸ்க் முழுவதையும் இன்னொரு பெரிய டிஸ்க்குக்கு அச்சு அசலாக நகலெடுத்தோம். அசலைக் கழற்றி ஓரமாக வைத்தாயிற்று. நகலில் டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்புக் கருவியைப் போட்டுப் பார்த்து, பிறகு ஃபோட்டோரெக் என்ற இன்னொன்றை ஓட்டினோம். ஃபோட்டோரெக் ஃபோல்டர் கணக்கைப் பார்க்காது, ஒவ்வொரு ஃபைல் வகையின் தொடக்க அடையாளத்தையும் தேடி எடுக்கும். பெயர்களும் தேதிகளும் போய்விடும், அடுக்குவதற்குப் பொறுமை வேண்டும். டிஸ்க்கிலிருந்து 'டக் டக்' என்று சத்தம் வந்தால் மட்டும் இதில் எதையும் வீட்டில் செய்யாதீர்கள். கரன்ட்டை நிறுத்திவிட்டு டேட்டா ரெக்கவரி லேபுக்கு எடுத்துப்போங்கள்.

கிளிப்புகள் பெரும்பாலும் கிடைத்தன. உருவும் நேரத்தில் ஏறிக்கொண்டிருந்த கடைசி எம்பி4 மட்டும் சைஸ் இருந்தும் ஓடவில்லை. எம்பி4-இல் எந்த ஃப்ரேம் எங்கே இருக்கிறது என்ற குறிப்பைக் கேமராக்கள் பொதுவாக ஃபைலின் கடைசியில் எழுதும். இதில் கடைசிப் பகுதியே வந்து சேரவில்லை. இதற்கு அன்ட்ரங்க் என்று ஓர் இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது. அதே கேமராவில், அதே ரெசல்யூஷன், அதே ஃப்ரேம் ரேட்டில் எடுத்த நல்ல கிளிப் ஒன்றைக் காட்டினால், அதைப் பார்த்து உடைந்த கிளிப்பின் குறிப்பை இது திரும்ப எழுதும். அவரிடம் அதே கேமராவின் பழைய கிளிப் ஒன்று லேப்டாப்பில் இருந்தது. அதை வைத்து, வந்து சேர்ந்திருந்த பகுதிவரை ஓடவைத்தோம். அதனால் உடைந்த டிஸ்க்கோடு யாரிடம் போனாலும், அந்தக் கேமராவில் எடுத்த நல்ல கிளிப் ஒன்றை பென் டிரைவில் போட்டு உடன் எடுத்துச் செல்லுங்கள்.